செத்தவர்களுக்கும் கட்சி உண்டா?

'அமரன்' பார்த்தீர்கள்தானே? 2024 தீபாவளிக்கு வந்த படம். தியேட்டரில் கர்ச்சீப்பைத் தேடாத ஆள் குறைவு. மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியான் மாவட்டத்தில் தீவிரவாதிகளோடு நடந்த மோதலில் இறந்தார். அடுத்த குடியரசு தினத்தன்று அவருடைய மனைவி அசோக சக்ரா விருதை வாங்கிக்கொண்டதை டி.வி.யில் பார்த்துக் கலங்கினோம். அழ வேண்டிய மரணம்தான், சந்தேகமே இல்லை.

ஒரு சின்னக் கேள்வி. அதே மோதலில் அவரோடு ஒரு சிப்பாயும் இறந்தார். அவர் பெயர் என்ன? செல்போனைத் தொடாமல் சொல்லுங்கள் பார்ப்போம்.

விக்ரம் சிங்.

உங்களைக் குறை சொல்லவில்லை. நம் ஞாபகம் அப்படித்தான். அதற்கு ஒரு முகம் வேண்டும். அந்த முகத்துக்கு ஒரு ஹீரோ கிடைத்துவிட்டால் இன்னும் சௌகரியம். முகம் இல்லாததால் மறந்துபோவதைக்கூட மன்னித்துவிடலாம். ஆனால், நினைத்தால் சங்கடமாக இருக்கிறது என்பதற்காகவே நாம் சாமர்த்தியமாக மறந்துவிட்ட ஒரு கூட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 1,200 பேர். என் சண்டை அவர்களுக்காக.

இந்திய அமைதிப் படை. ஐ.பி.கே.எஃப். என்றால் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு உடனே புரியும். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேயும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாளே படை போய் இறங்கியது. (அதே மறுநாள், அணிவகுப்பு மரியாதையில் சிங்களக் கடற்படைச் சிப்பாய் ஒருவர் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து ராஜீவை அடித்தார். சகுனம் பார்க்கிறவர்கள் அன்றைக்கே திரும்பியிருப்பார்கள்.) அமைதி காக்கப் போனவர்கள் அக்டோபரில் புலிகளோடு முழு யுத்தத்தில் இருந்தார்கள்.

அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் என்ன நடந்தது தெரியுமா? புலிகளின் தலைமையை அங்கேயே அமுக்கிவிடலாம் என்று திட்டம். ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்கினார்கள். கீழே இருந்தவர்கள் தயாராகக் காத்திருந்தார்கள். சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் ஒரு பிளட்டூன், 30 பேர். அடுத்த ஹெலிகாப்டர்கள் வர முடியவில்லை. வந்தவர்கள் தனியாக மாட்டிக்கொண்டார்கள். 29 பேர் செத்தார்கள். மிச்சமிருந்த ஒருவர் பிடிபட்டார். 29 வீடுகளுக்குத் தகவல் போயிருக்கும். அந்த வீடுகளில் இருந்தவர்களுக்கு யாழ்ப்பாணம் எந்தத் திசையில் இருக்கிறது என்றாவது தெரிந்திருக்குமா?

சென்னையில் ஆற்காடு ரோடு வழியாகப் போகிறவர்கள் 'பரமேஸ்வரன் விஹார்' என்ற ராணுவக் குடியிருப்பைப் பார்த்திருப்பீர்கள். ஏதோ சாமி பெயர் என்று நினைக்க வேண்டாம். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், பம்பாயில் பிறந்த தமிழர். 1987 நவம்பர் 25 அன்று, தேடுதல் வேட்டை முடிந்து திரும்பும்போது பதுங்கித் தாக்கினார்கள். நெஞ்சில் குண்டு பாய்ந்த பிறகும் எதிரில் இருந்தவரின் துப்பாக்கியைப் பிடுங்கி அவரையே சுட்டுவிட்டுத்தான் விழுந்தார். பரம் வீர் சக்ரா. நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால விருது. அமைதிப் படையில் அதைப் பெற்ற ஒரே ஆள். இவருக்கு ஏன் நம் தெருவில் கட்அவுட் இல்லை என்று யோசித்தீர்களா?

ஏனென்றால் அவர் சுட்டதும் தமிழரை, அவரைச் சுட்டதும் தமிழர். இதை வைத்துக்கொண்டு எந்தக் கட்சி மேடை போடும்?

1990 மார்ச்சில் கடைசிக் கப்பல்கள் கிளம்பின. சென்னைத் துறைமுகத்தில் வரவேற்பு. அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்பது அவர் வாதம். அனுப்பிவைத்த காங்கிரஸுக்கு அது தோற்றுப்போன கணக்கு. திரும்ப அழைத்த வி.பி.சிங் அரசுக்கு அது முந்தைய ஆட்சியின் கணக்கு. தேசபக்தி பேசுகிறவர்களுக்குக் கொடி நட ஒரு மலைச்சிகரம் அதில் கிடைக்கவில்லை. ஈழ ஆதரவாளர்களுக்கு அது ஆக்கிரமிப்புப் படை. நான் பி.காம். படித்தவன். எந்த லெட்ஜரிலும் ஏறாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவைப்பார்கள். இந்த 1,200 பேரையும் அங்கேதான் போட்டுவைத்தோம்.

அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? அவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பியது யார்? படையை வெளியே போ என்று விரட்டிய அதே இலங்கை அரசு. கொழும்பை ஒட்டிய ஸ்ரீஜெயவர்த்தனபுர கோட்டையில், இறந்த இந்திய வீரர்களின் பெயர்களைப் பொறித்து 2008ல் கட்டி முடித்தது. சுதந்திர இந்தியாவின் தேசியப் போர் நினைவகம் டெல்லியில் திறக்கப்பட்டது 2019 பிப்ரவரி 25 அன்று. பதினோரு வருஷம் பிந்தி! அதுவரை? வெள்ளைக்காரனுக்காகச் செத்தவர்களுக்கு 1931லேயே இந்தியா கேட். இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகள் நம் நந்தம்பாக்கத்தில் இன்றைக்கும் புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பளிச்சென்று இருக்கின்றன, போய்ப் பாருங்கள். அமைதிப் படையிலிருந்து திரும்பிவந்தவர்களோ வருஷா வருஷம் தாங்களாகவே கூடி, தாங்களாகவே பூ வைத்து அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தார்கள்.

இப்போது உங்களில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். 'யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியை மறந்துட்டியா?' என்பீர்கள். மறக்கவில்லை. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். ஆஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டார்கள். டாக்டர்கள், நர்ஸுகள், படுக்கையில் கிடந்த நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்கு யார் தண்டிக்கப்பட்டார்? நான் கேட்பதும் அதைத்தான் சார். கார்கில் முடிந்த கையோடு 1999லேயே ஆய்வுக் குழு போட்டார்கள், மறு வருஷமே அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது. இந்த யுத்தத்துக்கு அப்படி ஒரு குழு உண்டா? கிடையாது. சிப்பாயை மறந்தால் ஆஸ்பத்திரியையும் மறக்கலாம். ஆஸ்பத்திரியை மறந்தால் அனுப்பிவைத்தவர்களையும் மறக்கலாம். மறதியில் யாருக்கு லாபம் என்று பாருங்கள். செத்தவனுக்குப் பூ வைப்பது அவன் போன யுத்தத்துக்குக் கைதட்டுவது ஆகாது. அவனுக்கு யுத்தத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எப்போது இருந்தது?

சரி, சங்கடம் இல்லாத மரணங்களையாவது ஒழுங்காகக் கௌரவிக்கிறோமா? அங்கேயும் ஃபைல்தான் பேசுகிறது. வீர மரணம் என்று நாம் சொல்கிறோமே, அரசாங்க ஏட்டில் அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. அங்கே இருப்பது வகைப்பாடு. சண்டையில் செத்ததாகக் கணக்கானால் குடும்பத்துக்குத் தாராளக் குடும்ப பென்ஷன், கடைசிச் சம்பளம் முழுசாக. பணி காரணமாக இறந்தார் என்றால் சிறப்புக் குடும்ப பென்ஷன், 60 சதவிகிதம். சாதாரணச் சாவு என்றால் 30. போன உயிர் ஒன்றுதான், விலைப்பட்டியல் மூன்று.

2013 ஜனவரியில் ஒரு நாயக், எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு பக்கம் கொடும் குளிரில் ரோந்து போனபோது நெஞ்சடைத்து இறந்தார். முதலில் போர்க்களச் சாவு என்று எழுதினார்கள். பிறகு வகையை மாற்றினார்கள். மனைவி ஆயுதப் படைத் தீர்ப்பாயத்துக்குப் போனார், ஜெயித்தார். அதோடு விட்டதா அரசு? அந்த அம்மாவுக்கு எதிராக சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது! 2024 டிசம்பரில் நீதிபதிகள் அப்பீலைத் தள்ளுபடி செய்து, இவரைக் கோர்ட்டுக்கு இழுத்திருக்கவே கூடாது என்று கண்டித்து, 50,000 ரூபாய் செலவுத்தொகை கொடுக்கச் சொன்னார்கள். 2013க்கும் 2024க்கும் நடுவே எத்தனை ஆகஸ்ட் 15, எத்தனை ஜனவரி 26, எத்தனை மேடைகளில் 'ஜெய் ஜவான்'! வக்கீலுக்குக் கொடுத்த காசை அந்த வீட்டுக்கே கொடுத்திருக்கலாம். இது கணக்குப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்திய வீரர்களுக்கு நினைவுச் சின்னம் கட்டிய அதே இலங்கை அரசு, கோப்பாயில் புலிகளின் துயிலும் இல்லத்தை புல்டோசர் விட்டு மட்டமாக்கியது. 2011ல் அந்த இடத்திலேயே ராணுவத் தலைமையகமும் வந்துவிட்டது. பரமேஸ்வரன் இறந்த தேதி நவம்பர் 25. அதற்கு இரண்டு நாள் கழித்து, 27ஆம் தேதி, யாழ்ப்பாணத்துத் தாய்மார்கள் விளக்கேற்றுகிறார்கள். அவர்களில் பலருக்குப் பிள்ளையைப் புதைத்த குழி எது என்று காட்ட இடம் இல்லை. அதனால் முகாம் வேலிக்கு இந்தப் பக்கம், ரோட்டோரமாக விளக்கை வைத்துவிட்டுப் போகிறார்கள்.