குணமாகாதவர்களின் கணக்கு

எருசலேமில் ஆட்டு வாசல் அருகே பெதஸ்தா என்றொரு குளம். அதற்கு ஐந்து மண்டபங்கள். குருடரும் முடவரும் கைகால் சூம்பியவர்களுமாக அந்த மண்டபங்கள் நிறைய ஆட்கள் படுத்துக் கிடந்தார்கள் என்று எழுதுகிறார் யோவான். தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குகிறவருக்கு நோய் தீரும் என்பது அங்கிருந்த நம்பிக்கை. இயேசு அங்கே வருகிறார். 38 ஆண்டுகளாக நோயில் கிடந்த ஒருவனிடம் பேசுகிறார். அவன் படுக்கையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நடக்கிறான். இயேசு கூட்டத்தோடு கூட்டமாக விலகிப் போய்விடுகிறார். மண்டபங்களில் கிடந்த மற்றவர்கள் என்ன ஆனார்கள்? யோவான் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. குளம் ஒன்றும் கற்பனையல்ல. புனித அன்னாள் ஆலயத்தை ஒட்டி 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அகழ்வில் அது கிடைத்துவிட்டது. அடுத்தடுத்து இரண்டு தொட்டிகள், நாலு புறமும் ஒவ்வொரு மண்டபம், நடுக்கரையில் இன்னொன்று. கணக்கு சரியாக ஐந்து.

பைபிளில் நடந்த அற்புதங்கள் இன்றும் நடக்கின்றனவா என்ற கேள்வி நம் வாசகர்களிடையே அவ்வப்போது தலைகாட்டும். கேட்பவர்களில் பலர் விடையை மடியில் கட்டிக்கொண்டுதான் கேட்கிறார்கள். ஒரு சாராருக்கு இது 1748-இலேயே தத்துவஞானி டேவிட் ஹியூம் தீர்ப்பெழுதி மூடிய வழக்கு. இன்னொரு சாராருக்கு நேற்று ராத்திரி மைதானத்தில்கூட நடந்திருக்கிறது, யூடியூபில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு கட்சிக்காரர்களும் அந்த ஐந்து மண்டபங்களை எட்டிப் பார்ப்பதில்லை என்பதே எங்கள் குறை.

அற்புதங்களை வாரியிறைக்கும் புத்தகம் என்று பைபிளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. படித்துப் பார்த்தால் அது கொஞ்சம் கைச்சிக்கனமான புத்தகம். மோசே காலத்தில் ஒரு கொத்து, எலியா, எலிசா காலத்தில் ஒரு கொத்து, இயேசுவும் சீடர்களும் நடமாடிய காலத்தில் ஒரு கொத்து. நடுவே நூற்றாண்டுக் கணக்கில் அரசர்கள் ஆள்கிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள், சாகிறார்கள். கடல் பிளப்பது அபூர்வம். யோவான் ஸ்நானகன் ஓர் அற்புதமும் செய்யவில்லை என்று நற்செய்தியே பதிவு செய்கிறது. பவுலின் உடலில் பட்ட துணியைக் கொண்டுபோய்ப் போட்டாலே நோய் தீர்ந்தது என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். அதே பவுல் தன் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை மன்றாடியும் முள் போகவில்லை. கூட வந்த துரோப்பீமுவை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவிட்டுப் பயணத்தைத் தொடர்கிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு அவர் எழுதியனுப்பிய வைத்தியம் கொஞ்சம் திராட்சரசம். (சுகமளிக்கும் கூட்டங்களில் இந்த வசனத்தை எடுத்துப் பிரசங்கித்தவர் எவரையும் நாங்கள் கேட்டதில்லை.)

நடபடிகளின் 12-ஆம் அதிகாரம் இன்னும் கடினமானது. ஏரோது, யோவானின் சகோதரன் யாக்கோபை வாளால் வெட்டிக் கொல்கிறான். அடுத்த சில வரிகளிலேயே பேதுரு சிறையில் அடைபடுகிறார். தேவதூதன் வருகிறான், சங்கிலி கழல்கிறது, இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. யாக்கோபுக்கு ஏன் தூதன் வரவில்லை? அவருக்காக ஜெபிக்க ஆள் இல்லையா? எழுதியவர் காரணம் சொல்ல முயலவே இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். இன்றைய சாட்சி மேடைகள் பேதுருவை மட்டும் பேசவிட்டு யாக்கோபை நீக்கிவிட்ட பதிப்பு.

குணமாகாதவர்களை முதலில் எண்ணிக் காட்டியவர் இயேசுதான். சொந்த ஊரான நாசரேத்தின் ஜெப ஆலயத்தில் பேசுகிறார். எலிசா காலத்தில் இஸ்ரவேலில் குஷ்டரோகிகள் எத்தனையோ பேர் இருந்தும் சீரியாக்காரனான நாகமான் ஒருவனே சுத்தமானான் என்கிறார். பஞ்சத்தில் விதவைகள் எத்தனையோ பேர் இருந்தும் எலியா போனது வெளியூர்க்காரியான சாறிபாத் விதவையிடம்தான் என்கிறார். கேட்டவர்களுக்கு வந்ததே கோபம்! மலைச் சரிவுக்கு இழுத்துப்போய்த் தள்ளப் பார்த்தார்கள். இந்தக் கணக்கைச் சொன்னால் கூட்டத்துக்குப் பிடிக்காது என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம்.

அப்போஸ்தலர்களோடு அற்புதக் காலம் முடிந்தது என்று சொல்லும் சீர்திருத்தச் சபை மரபு ஒன்று உண்டு. அமெரிக்க இறையியலாளர் வார்ஃபீல்ட் 1918-இல் அதற்கு ஒரு புத்தகமே எழுதினார். சௌகரியமான முடிவு, பழைய அற்புதங்களை நம்பலாம், புதியவற்றை விசாரிக்கிற வேலை மிச்சம். ஐந்தாம் நூற்றாண்டின் அகுஸ்தீனுக்கு அந்த நிம்மதி நிலைக்கவில்லை. இளமையில் கிட்டத்தட்ட இதே கருத்தில் இருந்தவர், ஹிப்போவில் ஆயராக இருந்த கடைசிக் காலத்தில் மாற்றிக்கொண்டார். குணமானவர்களிடம் எழுத்தில் வாக்குமூலம் வாங்கிச் சபையில் வாசிக்கச் செய்தார். இரண்டு ஆண்டுகூட நிறைவதற்குள் ஏறத்தாழ எழுபது வாக்குமூலங்கள் சேர்ந்தன என்று எழுதுகிறார்.

இதே எழுபது இன்னோர் இடத்தில் வேறு விதமாக வருகிறது. பிரான்சின் லூர்து நகரில் 1858 பிப்ரவரி 11 அன்று தொடங்கி 14 வயது பெர்னதெத்துக்கு மாதா 18 முறை காட்சி தந்ததாக நம்பிக்கை. ஊற்று கிளம்பியது, கூட்டம் திரண்டது. 1883-இல் ஒரு மருத்துவ அலுவலகமும் வந்தது. குணமாகிவிட்டேன் என்று சொல்கிறவருக்கு அங்கே மைக் கிடைக்காது, நாற்காலிதான் கிடைக்கும். பழைய எக்ஸ்-ரே, பயாப்சி முடிவு, சொந்த ஊர் டாக்டரின் குறிப்பு எல்லாவற்றையும் மேஜையில் வைக்க வேண்டும். அன்றைக்கு லூர்தில் இருக்கிற எந்த மருத்துவரும், எந்த மதத்தவரானாலும் மதமே இல்லாதவரானாலும், உட்கார்ந்து குறுக்குக் கேள்வி போடலாம். நோய் கடுமையானதுதானா? குணம் திடீரென வந்ததா? முழுமையாக வந்ததா? திரும்பாமல் நிலைத்ததா? மருந்து செய்த வேலையாக இருக்குமோ? பதினெட்டாம் நூற்றாண்டில் லம்பர்த்தீனி என்ற கர்தினால், பின்னாளில் போப் பதினான்காம் பெனடிக்ட், வகுத்த அளவுகோல்கள் இவை. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, சர்வதேச மருத்துவக் குழுவையும் தாண்ட வேண்டும். அந்தக் குழுவும் இன்றைய மருத்துவ அறிவால் விளக்க முடியவில்லை என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளும். அற்புதம் என்ற சொல்லை உச்சரிக்கும் பொறுப்பு குணமானவரின் ஊர் ஆயருடையது. பதிவானவை 7,000-க்கும் மேல். 2018 வரை தேறியவை 70. ஹிப்போவில் இரண்டே ஆண்டில் வந்த எண், லூர்தில் வர 160 ஆண்டு பிடித்தது. கடவுளின் கை சுருங்கிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். சல்லடையின் கண் சிறுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தச் சல்லடை யாருக்கும் தயவு காட்டவில்லை. அலெக்சிஸ் காரெல் என்ற இளம் மருத்துவர் 1902-இல் லூர்து போகும் ரயிலில், காசநோய் முற்றி வயிறு வீங்கிச் சாகக் கிடந்த பெண்ணொருத்தியைக் கவனித்துக்கொண்டு சென்றார். அங்கே அவர் கண்ணெதிரிலேயே வீக்கம் வடிந்தது. கண்டதை மறைக்காமல் சொன்னதில் லியோன் மருத்துவ வட்டாரம் அவருக்குக் கதவைச் சாத்தியது. கடல் கடந்து போனவர் 1912-இல் நோபல் பரிசு வாங்கினார். இப்படி ஒரு சாட்சி கிடைத்தால் நம்மூரில் அரங்கு கட்டியிருப்பார்கள். திருச்சபையோ அந்தக் குணமாதலை அற்புதமாக ஏற்கவில்லை. மனம் சார்ந்த காரணம் இருந்திருக்குமா என்று அன்றைய மருத்துவர்கள் போதுமான அளவு ஆராயவில்லை என்று சொல்லிக் கோப்பை மூடிவிட்டார்கள். பெர்னதெத்தும் காசநோயில்தான் இறந்தார், 1879-இல், 35 வயதில்.

இனி நம் பக்கம். குமரி மாவட்டம் புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை இருக்கிறது. கைதியாக இழுத்துச் செல்லப்பட்ட தேவசகாயம் தாகத்தில் கைமுட்டால் இடிக்க, பாறையிலிருந்து நீர் வந்தது என்பது மரபு. வனாந்தரத்தில் மோசே அடித்த பாறையை நினைக்காமல் அந்தக் கதையைக் கேட்க முடியாது. பாறை தண்ணீர் கொடுத்தது. ஆனால் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் துப்பாக்கிகள் அவரைச் சுடாமல் இருக்கவில்லை. 2022 மே 15 அன்று ரோமில் அவர் புனிதராக்கப்பட்டபோது ஆதாரமாக ஏற்கப்பட்டது, துடிப்பு நின்றுவிட்டதாக மருத்துவர்கள் சொன்ன ஒரு சிசு கருவிலேயே மீண்டது. பாறையையும் துப்பாக்கியையும் சேர்த்துச் சொல்கிற வரை அந்த மரபு நேர்மையானது. பாறையை மட்டும் சொன்னால் அது சுற்றுலாத் துறையின் வேலை.

கீழ்த்திசை லூர்து என்று பெயர் வாங்கிய வேளாங்கண்ணி 2004 டிசம்பர் 26-இல் என்ன கற்றுக்கொடுத்தது? ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ஆழிப்பேரலை கரை ஏறியது. பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை. கடற்கரையிலும் கடைத்தெருவிலும் இருந்த நூற்றுக்கணக்கான யாத்திரிகர்களைக் கடல் கொண்டுபோனது. அவர்களில் பலரும் அதே மாதாவைத் தேடி வந்தவர்கள். சில நாளிலேயே கோயில் தப்பிய அற்புதம் என்று பேச்சு கிளம்பியது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் காதில் அந்தப் பேச்சு எப்படி விழுந்திருக்கும் என்று பேசியவர்கள் யோசிக்கவில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று பதிலும் சொன்னவர் இயேசு. கட்டடம் தப்பியதைக் கொண்டாட அவர் போதனையில் இடம் இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை.

அற்புத சுகமளிக்கும் கூட்டங்களின் முன்வரிசைகளைப் பார்த்திருப்பீர்கள். சக்கர நாற்காலிகள், பாயில் கிடத்திய பிள்ளைகள், மருத்துவச் சீட்டுகள் திணித்த மஞ்சள் பைகள். மேடை ஏறுகிறவர்கள் ஓரப் படிக்கட்டு வழியாக ஏறுகிறார்கள். ஏறும் முன் ஒருவர் அவர்களிடம் விசாரித்துச் சீட்டில் குறித்துக்கொள்கிறார். முதுகுவலி, ஒற்றைத் தலைவலி, காதடைப்பு. முன்வரிசையில் கிடத்திய பிள்ளைகளில் ஒன்றும் அந்தப் படிக்கட்டுப் பக்கம் வருவதில்லை. ஆசீர்வாத ஜெபம் முடிந்து விளக்குகள் அணையத் தொடங்கும்போது தகப்பன்மார் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். அவர்கள் கையில் சேர்த்து அனுப்பப்படுவது ஒரு தீர்ப்பு: விசுவாசம் போதவில்லை.

எங்களுக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். பெதஸ்தாவில் எழுந்து நடந்தவனுக்குத் தன்னைக் குணமாக்கியது யார் என்றே தெரியாது. நாகமான் யோர்தானில் முழுகச் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு திரும்பிப் போகப் பார்த்தவன். கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன் விஷயத்தில் இயேசு பார்த்தது சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தை. லாசரு பிணம்; அவனிடம் என்ன விசுவாசத்தை அளப்பது?

2006-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேர். தங்களுக்காக ஜெபம் உண்டா இல்லையா என்று தெரியாமல் இருந்த, ஜெபிக்கப்பட்ட, ஜெபிக்கப்படாத இரண்டு பிரிவினருக்கும் சிக்கல்கள் ஏறக்குறைய ஒரே அளவு, 52, 51 விழுக்காடு. உங்களுக்காகக் கட்டாயம் ஜெபிக்கிறார்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கு 59. நாத்திகர்கள் இதை வைத்துச் சிரித்தார்கள். கடவுளை மருந்துச் சோதனைக்கு உட்படுத்தும் யோசனை எங்களுக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 59 சிரிப்பதற்கு உரியதல்ல. நம் நிலைமை அவ்வளவு மோசமா என்ற பயம் காரணமாக இருக்கலாம் என ஆய்வாளர்களே ஊகித்தார்கள். மைதானத்தில் ஆயிரம் பேர் பார்க்க நாற்காலியிலிருந்து எழுந்திரு என்று அதட்டப்படுகிறவரின் நெஞ்சில் என்ன நடக்கும்?

சட்டம் போதாதா என்று சிலர் கேட்பார்கள். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய வைத்திய விளம்பரத் தடைச் சட்டம் இருக்கிறது. தாயத்து, மந்திரம் போன்றவற்றால் புற்றுநோய், நீரிழிவு, வலிப்பு முதலியவை தீரும் என விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. எல்லா மதத்துச் சுவரொட்டிகளையும் பார்த்தால் அது எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரியும். 2024 பிப்ரவரியில் அசாம் சட்டமன்றம் நிறைவேற்றிய குணமாக்கல் தடைச் சட்டமோ வேறு ரகம். நோயாளிக்காக வீட்டில் ஜெபிப்பதுகூடக் குற்றமாகிவிடும் என்று அங்குள்ள கிறிஸ்தவர்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது. ஜெபத்தின் மேல் போலீஸை ஏவும் யோசனையை இந்த இதழ் ஒருபோதும் ஆதரிக்காது.

வேலூரில் 1940-களின் இறுதியில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயில் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தத் தொடங்கினார். அவர் ஆழ்ந்த விசுவாசி. ஒரு விரல் நிமிரவில்லை என்றால் கேள்வி அறுவை செய்தவரிடம் வரும். கையைக் கொடுத்தவரிடம் போகாது. அற்புத மேடையில் மட்டும் இது தலைகீழ். குணமானால் ஊழியருக்கு வல்லமை, ஆகாவிட்டால் நோயாளிக்குக் குறை.

விளக்க முடியாத குணமாதல்கள் இன்றும் நடக்கின்றன. லூர்தின் கோப்புகளை நேர்மையாகப் படிக்கிற நாத்திகரும் அதை மறுக்கச் சிரமப்படுவார். அதைக் கடவுளின் கை என்று கொள்வதும் கொள்ளாததும் அவரவர் பாடு. கூட்டம் நடத்துகிறவர்களிடம் நாங்கள் கேட்பது ஒரு பதிவேடு மட்டுமே: பெயர், நோய், பழைய மருத்துவச் சீட்டின் நகல், ஓராண்டு கழித்து அதே டாக்டரின் கையெழுத்து. எழுபது பேர் தேறினாலும் சரி, ஏழு பேர் தேறினாலும் சரி, சம்பந்தப்பட்டவர்கள் சம்மதித்தால் முழுதாக அச்சிட இந்த இதழில் பக்கம் ஒதுக்குகிறோம். அன்றைக்கு முன்வரிசையில் இருந்து, குணமாகாமல் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பதையும் அதே பட்டியலில் எழுதி அனுப்ப வேண்டும்.