பில் வருவதற்கு முன்னால்

"பந்திக்கு முந்து" என்று சொல்லி வைத்த நம் பெரியோர், பந்தியில் உட்கார்ந்தபின் எத்தனை நேரம் இருக்கலாம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அதன் பலனைச் சென்னை ஹோட்டல்களில் அனுபவித்து வருகிறோம். பகல் ஒரு மணிக்கு எந்தச் சாப்பாட்டு ஹோட்டலிலாவது நுழைந்து பாருங்கள். நாம் ரசத்துக்குச் சோற்றில் குழி செய்யும்போதே நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றுகொள்கிறார். மோருக்கு வருவதற்குள் பில் வந்து விடுகிறது. "வேறே என்ன ஸார்?" என்பதற்கு "எழுந்திரும்" என்ற பொருள் எந்த அகராதியிலும் இல்லை, ஆனாலும் அதை அறியாதார் இல்லை.

அவசரமாகக் காரியாலயம் திரும்புகிறவர்களுக்கு இதனால் நஷ்டமில்லை. குடும்பத்துடன் வருகிறவர்கள் விஷயமே வேறு. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில், ஆறிப்போனதை, தனியே உண்ணும் இல்லத்தரசிகள் இன்னும் எத்தனையோ பேர். கணவனோடும் குழந்தைகளோடும் சரிசமமாக உட்கார்ந்து, பிறர் பரிமாற, பேசிச் சிரித்துச் சாப்பிட அவர்களுக்கு வாய்த்த இடம் ஹோட்டல் ஒன்றுதான். அந்த அரைமணியையும் பிடுங்கிக்கொள்வது என்ன நியாயம்?

கல்கத்தாவில் காலேஜ் தெருக் காப்பி ஹவுஸ் இருக்கிறது. பழைய ஆல்பர்ட் ஹாலில் 1942-ல் ஏற்பட்டது. அங்கே பாலில்லாத காப்பிக்கு 'இன்ஃப்யூஷன்' என்று பெயர். கோப்பை ஒன்று, பேச்சோ மணிக்கணக்கு! இந்தப் பேச்சுக்கு வங்காளிகள் 'அட்டா' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். நம் திண்ணைப் பேச்சுக்கு நெருங்கிய உறவு. சத்யஜித் ராயும் அமர்த்தியா சென்னும் அந்த மேஜைகளில் அமர்ந்தவர்கள். 1958-ல் அது மூடப்பட்டபோது, கல்லூரிப் பேராசிரியர்கள் சர்க்காருக்கு மனுச் செய்து மறுபடி திறக்கச் செய்தார்கள்.

டில்லி கன்னாட் பிளேஸ் காப்பி ஹவுஸுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நெருக்கடி நிலை அமலில் இருந்த 1976-ல் அது இடிக்கப்பட்டது. அங்கே நடந்த அரசியல் பேச்சுத்தான் காரணம் என்று பலரும் கருதினார்கள். நம் ஊர்க் கடைகளில் "இங்கு அரசியல் பேசக் கூடாது" என்று பலகை மாட்டுவதோடு நிறுத்திக்கொண்டார்களே, அது வரையில் க்ஷேமம்!

"ஒரு காப்பிக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் வாடகை யார் கொடுப்பது?" என்று முதலாளிகள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. காப்பி போர்டாரும் தங்கள் கடைகளை மூடத்தான் முற்பட்டார்கள். வேலையிழந்த ஊழியர்கள், ஏ. கே. கோபாலன் முதலியோரின் முயற்சியால், 1957 முதல் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துத் தாங்களே அவற்றை ஏற்று நடத்தலானார்கள்.

நம் முதலாளிகளை அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு ஈ ஓட்டும் நேரம் ஒன்று உண்டல்லவா? அப்போதாவது, கேட்ட பிறகு பில் கொண்டுவரும்படி சர்வர்களுக்குச் சொல்லி வைக்கலாம்.