பாங்குனா சுரங்கம்: யாரிடம் கேட்க வேண்டும் அனுமதி?

பசிபிக் பெருங்கடலில், பாப்புவா நியூ கினி நாட்டின் கிழக்குக் கோடியில் பூகன்வில் என்றொரு தீவு உள்ளது. மக்கள்தொகை ஏறக்குறைய மூன்று இலட்சம். அவர்களில் பெரும்பான்மையினர் நம்மைப் போலக் கத்தோலிக்கர். அத்தீவின் மலைப்பகுதியில் உள்ள பாங்குனா செப்புச் சுரங்கம் ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. 1989ஆம் ஆண்டு அது மூடப்பட்டது. 53 இலட்சம் டன் செம்பும், 1 கோடியே 93 இலட்சம் அவுன்ஸ் தங்கமும் இன்னும் அங்கே இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது.

2019ஆம் ஆண்டு நடந்த பொது வாக்கெடுப்பில் 97.7 விழுக்காட்டினர் தனிநாடு வேண்டும் என்று வாக்களித்தனர். 2027 செப்டம்பர் முதல் நாளை விடுதலை நாளாகத் தீவின் தலைவர்கள் குறித்தனர். தனிநாட்டை நடத்தப் பணம் வேண்டும். பணமோ அந்தக் குழிக்குள் கிடக்கிறது. பிறகு ஏன் இத்தனை ஆண்டுகளாக அதைத் திறக்க முடியவில்லை?

போர் நடந்த நாடுகளில் சுரங்கத் தொழில் முன்னேறாததற்கு வல்லுநர்கள் வழக்கமாகச் சில காரணங்கள் சொல்வார்கள். பாதுகாப்பு இல்லை, சட்டம் உறுதியாக இல்லை, சாலையும் மின்சாரமும் இல்லை, இலஞ்சம் மிகுதி. இவை எல்லாம் உண்மையே. ஆனால் பூகன்வில் மக்களைக் கேட்டால் வேறொன்றிலிருந்து தொடங்குவார்கள்.

1960களில் அத்தீவு ஆஸ்திரேலிய ஆட்சியின்கீழ் இருந்தது. நிலம் உங்களுடையது, நிலத்தடியில் இருப்பது அரசுடையது என்றது சட்டம். பூகன்விலின் பெரும்பகுதியிலோ நிலம் தாய்வழியாக வரும் சொத்து; அதை விற்பது என்ற எண்ணமே அவர்களுக்குப் புதிது. 1969இல் துறைமுகத்திற்காக நிலத்தை அளக்க வந்தபோது, ரொரோவானா ஊர்ப் பெண்கள் எல்லைக் கல்லைப் பிடுங்கினர். காவல்துறை கண்ணீர்ப்புகை வீசியது. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை விவிலியத்தில் வாசித்த நமக்கு அப்பெண்களின் சினம் புரியாததல்ல.

1972இல் உற்பத்தி தொடங்கியது. பாப்புவா நியூ கினியின் ஏற்றுமதி வருவாயில் ஏறத்தாழ 45 விழுக்காடு இந்த ஒரே சுரங்கத்திலிருந்து வந்தது. மலையில் வாழ்ந்தவர்களுக்குக் கிடைத்ததோ மிகச் சொற்பம். நூறு கோடி டன்னுக்கும் மேற்பட்ட கழிவு, கவெரோங், ஜாபா ஆறுகளில் கொட்டப்பட்டது. கத்தோலிக்கக் குருவாக அருள்பொழிவு பெற்று அரசியலுக்கு வந்த ஜான் மோமிஸ், 1987இல் ஒரு கோரிக்கை வைத்தார். நிறுவனத்தின் மொத்த வருவாயில் 3 விழுக்காட்டைத் தீவுக்குத் தரவேண்டும் என்பதே அது. நிறுவனம் ஏற்கவில்லை. அதைத் தந்திருந்தால் போரே வந்திருக்காது என்று நாம் சொல்ல மாட்டோம். பாழாய்ப்போன ஆற்றுக்கு 3 விழுக்காடு ஈடாகாது. ஆயினும் பேசித் தீர்க்க வந்தவரை வெறுங்கையோடு அனுப்பிய மறு ஆண்டே வெடிமருந்து பேசத் தொடங்கியது. சுரங்கத்தில் வேலை பார்த்த பிரான்சிஸ் ஓனாவின் தலைமையில் மின்கோபுரங்கள் தகர்க்கப்பட்டன. 1989 மே மாதம் சுரங்கம் நின்றது. அடுத்து வந்த உள்நாட்டுப் போரிலும், மருந்துகூட நுழைய முடியாத முற்றுகையிலும் 15,000 முதல் 20,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது கணிப்பு. 2001இல்தான் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது.

பூகன்வில் தன்னாட்சி அரசு 2015இல் இயற்றிய சட்டம், கனிமங்கள் மரபுவழி நில உரிமையாளர்களுக்கே சொந்தம் என்றது. அவர்கள் மறுத்தால் ஆய்வுப் பணியே நடக்காது. முதலீட்டாளர்கள் இதையும் தடைகளின் பட்டியலில் சேர்க்கிறார்கள். நாமோ, 1960களில் கேட்காமல் விட்ட கேள்வியை இச்சட்டம் கேட்கிறது என்றே காண்கிறோம். 2018 சனவரியில், உரிமையாளர்கள் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்து நின்றபோது, அரசுத் தலைவராயிருந்த மோமிஸ் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தார். பழைய புண்ணைக் கிளற அவர் விரும்பவில்லை. வருவாய் அவருக்கும் தேவைப்பட்டது. இருந்தும் மறுத்ததைத் துணிவு என்றே சொல்ல வேண்டும்.

அவருக்குப்பின் 2020இல் பொறுப்பேற்ற இஸ்மாயில் தொரோவாமா, அன்று காட்டில் துப்பாக்கி ஏந்திய போராளித் தளபதி. அவரே இன்று சுரங்கம் வேண்டும் என்கிறார். 2024இல் ஆய்வு உரிமம் ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது. இதை முரண்பாடு என்று சொல்வது எளிது. ஆனால் அவர்களில் பலர் போராடியது செம்புக்கு எதிராக அல்ல, தங்களைக் கேட்காததற்கு எதிராக.

எஞ்சியிருப்பது கழிவு. ரியோ டின்டோ நிறுவனம் 2016இல் தன் 53.8 விழுக்காட்டுப் பங்குகளை விட்டுக்கொடுத்து வெளியேறியது. சீர்செய்யும் கடமை தனக்கில்லை என்றது. 2020இல் 156 ஊர்மக்கள் ஆஸ்திரேலியாவில் முறையிட்ட பிறகே, பாதிப்புகளை ஆய்வு செய்ய அது இணங்கியது. 2024 டிசம்பரில் வெளிவந்த அறிக்கை, ஊர்மக்கள் முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்த பலவற்றை உறுதி செய்தது. நிறுவனமும் அதை ஏற்றது. இனித் தோண்டும் செம்பின் வருவாயிலிருந்தே பழைய அழுக்கைக் கழுவலாம் என்று யாரேனும் சொன்னால், அக்கணக்கை நாம் ஏற்கலாகாது. அந்தச் செலவு, 1972 முதல் 1989 வரை இலாபம் கண்டவர்களின் பெயரில் எழுதப்பட வேண்டியது. அது எழுத்தில் வராதவரை, ஜாபா ஆற்றுக் கழிவு மணலில் பாதரசத்தைக் கலந்து தங்கம் அரித்துப் பிழைக்கும் குடும்பங்களிடம் போய்ப் புதிய அனுமதி கேட்பதில் என்ன நியாயம் இருக்கிறது?