நட்புக்கு மேசை போட்டவர்கள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவை ஒட்டிய சிற்றூர் கிளார்க்ஸ்டன். வாடகை குறைந்த அடுக்ககங்களும் நகரத்துக்குப் போக்குவரத்து வசதியும் இருந்ததால், வியட்நாம், போஸ்னியா, சோமாலியா, பர்மா என்று பல நாட்டு அகதிகள் பல ஆண்டுகளாக இங்கே குடியமர்த்தப்பட்டார்கள். நிறவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளான் 1915-ல் மீண்டும் தலைதூக்கிய ஸ்டோன் மவுன்டன் இங்கிருந்து சில மைல் தொலைவில்தான் இருக்கிறது.

அந்த வட்டாரத்தில் 2002-ல் தொடங்கப்பட்டது இன்டர்நேஷனல் கம்யூனிட்டி ஸ்கூல். அரசு நிதியில் நடக்கும் பள்ளி. அகதி, குடியேறிக் குடும்பங்களின் பிள்ளைகள் ஏறக்குறைய பாதி, உள்ளூர்ப் பிள்ளைகள் மீதி என்பதே அதன் திட்டம். தாய்லாந்து எல்லை முகாமிலிருந்து வந்த பர்மியச் சிறுவனும், ஜார்ஜியாவிலேயே வளர்ந்த சிறுவனும் அங்கே நண்பர்களானால், “குழந்தைகளுக்கு வேற்றுமை தெரியாது” என்று நெகிழ்ந்துபோகிறோம். என்னால் இதை ஏற்க முடியவில்லை. வேற்றுமை குழந்தைகளுக்கு நன்றாகவே தெரியும். புதிதாக வந்தவனின் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கவும், அவன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் மூக்கைப் பொத்தவும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரே வகுப்பில் சேர்த்துவிட்டால் நட்பு தானாக வந்துவிடாது. 1971-ல் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளை, கறுப்பின, ஸ்பானிய மொழிக் குடும்பப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டபோது அடிதடிதான் நடந்தது. உளவியலாளர் எலியட் ஆரன்சன் பாடம் நடத்தும் முறையையே மாற்றினார். பத்திரிகையாளர் ஜோசப் புலிட்சரின் வாழ்க்கை வரலாறு ஆறு பத்திகளாகப் பிரிக்கப்பட்டு, குழுவில் ஆளுக்கு ஒன்று தரப்பட்டது. தேர்வோ முழுப் பாடத்திலும். ஆங்கிலம் தடுமாறும் சிறுவனிடம் ஒரு பத்தி இருந்தது. முதலில் கேலி செய்தார்கள். அவன் சொல்லாவிட்டால் தங்களுக்குத்தான் மதிப்பெண் குறையும் என்று புரிந்ததும், கேலியை விட்டு, அவன் வாயிலிருந்து பதில் வரும்படி பொறுமையாகக் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டார்கள். பக்கத்தில் உட்காரவைத்தால் மட்டும் போதாது. சம மதிப்பும், சேர்ந்து செய்ய ஒரு வேலையும், நிர்வாகத்தின் ஆதரவும் வேண்டும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே எழுதியிருந்தார்.

எனவே, இத்தகைய நட்பைத் தற்செயலான அதிசயம் என்பது, அதற்கு வழிசெய்த ஆசிரியர்களின் உழைப்பை மறைப்பதாகும். அதைவிடப் பெரிய தீங்கும் உண்டு. அதிசயம் என்றால் அரசுக்கு அதில் பொறுப்பு இல்லை என்றாகிவிடுகிறது. 2025 ஜனவரியில் டிரம்ப் அரசு அகதிகள் குடியமர்வை நிறுத்திவைத்தது. ஆண்டுக்கு 1,25,000 என்றிருந்த உச்சவரம்பு 2026 நிதியாண்டுக்கு 7,500 ஆகச் சுருங்கியது. வாசலிலேயே நிறுத்தப்பட்ட குழந்தையின் இழப்பு எல்லாவற்றிலும் பெரியது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், உலகத்தை ஒரு வகுப்புத் தோழனின் வழியாக அறிந்திருக்க வேண்டிய அமெரிக்கக் குழந்தையும் இழக்கிறது. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அந்தக் கிளார்க்ஸ்டன் வட்டாரப் பள்ளியில் இருக்கும் உள்ளூர்ப் பிள்ளைகள், பெற்றோர் விரும்பி விண்ணப்பித்துச் சேர்த்தவர்கள். அந்தப் பெற்றோரே இப்போது முதலில் பேச வேண்டும். தங்கள் பிள்ளையின் வகுப்புக்குப் புது மாணவர்கள் ஏன் வரவில்லை என்று வாஷிங்டனைக் கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது.