சேனை யாருடையது?



புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தவர்க்கு "அமரக்காரர்" என்ற பெயர் புதிதன்று. தொண்டைமான் மன்னர்களின் படைவீரர் அவர்கள். மாதச் சம்பளம் வாங்கியவர்கள் அல்லர். சீவித நிலம் பெற்றவர்கள். போர் மூண்டால் ஈட்டியும் வாளுமாக வரவேண்டும். போரில்லாக் காலத்தில் அரண்மனைக் காவலும் ஏவல் வேலையும் பார்க்க வேண்டும். தகப்பனுக்குப் பின் மகன், நிலத்தோடு கடமையையும் சுமந்தான்.

அந்தச் சேனை யாருக்காகப் போரிட்டது? 1750களில் திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போது கும்பினிப் படைக்கு உணவளித்துக் காத்தது புதுக்கோட்டை. 1799இல் திருக்களம்பூர்க் காட்டில் கட்டபொம்மனைப் பிடித்து வெள்ளையரிடம் ஒப்படைத்தவர்கள் தொண்டைமானின் ஆட்கள். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் அவன் தூக்கிலிடப்பட்டான். நான்கு ஆண்டுகளில், 1803இல், கீழாநிலைக் கோட்டையும் அதைச் சார்ந்த பகுதியும் தொண்டைமானுக்குப் பரிசாகக் கிடைத்தன.

இதைச் சொல்லி அமரக்காரனைத் துரோகி என்று ஏசுவோர் உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் சேரமாட்டேன். அவனுக்கு நிலம் கொடுத்தவன் மன்னன், ஆணையிட்டவனும் மன்னன். நாடு என்ற ஒன்றை அவனுக்கு யார் காட்டினார்கள்? மன்னன் கும்பினியின் பக்கம் சாய்ந்தால் சேனையும் சாய்ந்தது. அவ்வளவுதான். பிறகு சண்டைக்கே வேலையில்லாமற் போயிற்று. திவான் சேஷையா சாஸ்திரியார் காலத்தில், 1888ஆம் ஆண்டு இனாம் ஏற்பாட்டில், ஊழியக் கடமை நீங்கி, அமர நிலத்துக்கு வரி வந்தது. வீரன் வரி கட்டும் குடியானவன் ஆனான்.

நேர் எதிரான சேனையொன்றும் வரலாற்றில் உண்டு. 1943இல் சுபாஷ் போஸ் தலைமையேற்ற இந்திய தேசிய இராணுவத்தில் மலேயாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர் திரளாகச் சேர்ந்தனர். அவர்களுக்கு நாடு இருந்தது. நிலமும் இல்லை, நிச்சயமும் இல்லை. 1945 நவம்பரில் செங்கோட்டையில் அவர்களுடைய தளகர்த்தர்கள் விசாரிக்கப்பட்டபோது தேசமே கொதித்தெழுந்தது. ஆயினும் விடுதலை பெற்ற இந்தியா அவ்வீரர்களைத் தன் இராணுவத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. தியாகிகள் ஓய்வூதியம் வந்ததே 1972இல்தான்! அதற்குள் எத்தனை பேர் மண்ணாகிப் போனார்களோ!

1948 மார்ச் 3இல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1950இல் அரசியல் சட்டம் வந்தது. அதன் 53ஆம் பிரிவு படைகளின் உச்சத் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் வைத்து, அது சட்டப்படியே செலுத்தப்பட வேண்டும் என்றது. சேனைக்குப் பணம் ஒதுக்குவது நாடாளுமன்றம். ஆக, அமரக்காரனுக்குக் கிட்டாத நாடும், போஸின் வீரனுக்குக் கிட்டாத நிச்சயமும் முதன்முறையாக ஒரே சிப்பாயின் கையில் சேர்ந்தன. 15 ஆண்டு பணி முடித்தால் ஆயுள் முழுவதும் ஓய்வூதியம்! மழை பொய்த்தால் பயிர் பொய்க்கும் நம் மாவட்டத்து வானம்பார்த்த பூமியில், அதன் மதிப்பை நான் விளக்கவும் வேண்டுமா?

அந்த நிச்சயத்தைத்தான் 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் பறித்தது. நான்கே ஆண்டு பணி. நூற்றுக்கு 25 பேர் வரையே நிலைப்பர். மற்றவர் வீடு திரும்ப வேண்டும். கையில் சுமார் 11.71 லட்சம் ரூபாய். அதிலும் பாதி அவர்கள் சம்பளத்தில் பிடித்த பணமும் அதன் வட்டியுமே. ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடையும் இல்லை.

சேனை இளமையாக இருக்க வேண்டும், ஓய்வூதியச் சுமை குறைய வேண்டும் என்கிறது ஒன்றிய அரசு. இளமை வேண்டாம் என்று எவர் சொன்னார்? பழைய முறையிலும் பெரும்பாலான சிப்பாய்கள் நாற்பதை எட்டுமுன்பே ஓய்வு பெற்றார்கள். சுமை என்கிறார்களே, அந்தச் சொல்தான் நெஞ்சைச் சுடுகிறது! பனிமலையில் துப்பாக்கி தாங்கி நிற்பவனின் முதுமை, கணக்குப் புத்தகத்தில் சுமையாம்!

விடியற்காலையில் நம் ஊர்ச் சாலைகளில் ஆள்சேர்ப்புக்காக ஓடிப் பழகும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். அவர்களைத் தடுக்காதீர்கள், தோழர்களே, பட்டாளம் அவர்களுடையது. ஆனால் இந்த 25-75 கணக்கை அவர்களிடம் சொல்லுங்கள். அவர்களின் பெற்றோரிடமும் சொல்லுங்கள். அடுத்து வாக்குக் கேட்டு வருகிற நாடாளுமன்ற வேட்பாளரை, எக்கட்சியினராயினும், நிறுத்திக் கேளுங்கள்: திரும்பி வரும் அந்த 75 பேருக்கு என்ன வழி வைத்திருக்கிறீர்?