காது கொடுத்தால் மட்டும் போதுமா?

சேரியிலிருந்து வந்த ஒரு பையன் 'வயிறு சரியில்லை' என்றால் நம்புவார்கள். 'மனசு சரியில்லை' என்றால் சிரிப்பார்கள். நமக்கு உடம்பு உண்டு, உழைப்பு உண்டு, பசி உண்டு. மனசு மட்டும் கிடையாது என்பது இந்தச் சமூகத்தின் நினைப்பு. கொடுமை என்னவென்றால் நம்மில் பலரும் இதை நம்புகிறோம். "மன உளைச்சலா? அதெல்லாம் வசதியானவங்க சமாச்சாரம் தோழர், நாலு போராட்டத்துக்கு வரச் சொல்லுங்க, சரியாயிடும்" என்று இயக்கத்துக்காரர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை நிர்வாகத்துக்கு எதிராக மட்டும் எழுதப்பட்டதல்ல. நமக்கும் சேர்த்துத்தான்.

இரண்டு வருடமாக நான் படிக்கும் பல்கலைக்கழகத்தில் 'பியர் சப்போர்ட்டர்' வேலை பார்க்கிறேன். மனசு உடைந்த மாணவர்களுக்கு இன்னொரு மாணவரே துணையாக இருப்பது என்று பொருள். சம்பளம் கிடையாது, சான்றிதழ் உண்டு. மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். குறுக்கே பேசாதே, அறிவுரை சொல்லாதே, கேட்டதை வெளியே சொல்லாதே. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் ரகசியம் காக்காதே, உடனே ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போ. இவை எல்லாமே நல்ல பாடங்கள். இன்றைக்கும் எனக்கு உதவுகின்றன.

ஆனால் அந்த மூன்று நாளில் 'சாதி' என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. மாணவர்களின் மனச்சுமைக்குக் காரணம் என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள்: தேர்வு பயம், காதல் தோல்வி, வீட்டு ஞாபகம், செல்போன். அவ்வளவுதான். இந்தியாவில் ஒரு கல்லூரி விடுதியில் உட்கார்ந்துகொண்டு சாதியை விட்டுவிட்டு மனசைப் பற்றிப் பேசுவதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும்!

என்னிடம் வந்து பேசியவர்களின் கதையை இங்கே எழுத மாட்டேன். அது அவர்கள் சொத்து. பொதுவாக ஒன்று சொல்லலாம். நம்ம பிள்ளைகள் வந்தவுடன் மனசைப் பற்றிப் பேசுவதில்லை. ஸ்காலர்ஷிப் இன்னும் வரவில்லை, மெஸ் பாக்கி நிற்கிறது, கைடு ஆறு மாதமாகக் கையெழுத்துப் போடவில்லை, வகுப்பில் இங்கிலீஷில் கேள்வி கேட்டால் தொண்டை அடைக்கிறது என்றுதான் ஆரம்பிப்பார்கள். தூக்கம் இல்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் கடைசியில்தான் வரும், அதுவும் வெட்கத்தோடு.

ஊரில் "நீ ஊரா, காலனியா?" என்று கேட்பார்கள். வளாகத்தில் அப்படிக் கேட்பதில்லை. "உன் ரேங்க் என்ன?" என்று கேட்கிறார்கள். கேள்வி வேறு, நோக்கம் ஒன்று. 2023 பிப்ரவரியில் மும்பை ஐ.ஐ.டி.யில் தர்சன் சோலங்கி என்ற முதலாண்டு தலித் மாணவர் இறந்தார். அதே ஆண்டு ஜூலையில் அந்த நிறுவனம், சக மாணவர்களின் நுழைவுத்தேர்வு ரேங்கையோ மதிப்பெண்ணையோ சாதியைத் தெரிந்துகொள்ளும் வழியாகக் கேட்கக்கூடாது என்று மாணவர்களுக்கு அறிவித்தது. ஒரு எண்ணைச் சொல்ல வைத்தே ஒருத்தனைக் கூனிக்குறுக வைக்க முடியும் என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டது என்றுதான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியை விசாரித்த தோரட் குழு 2007இல் கொடுத்த அறிக்கையில், தலித், பழங்குடி மாணவர்கள் விடுதியில் குறிப்பிட்ட தளங்களுக்கு ஒதுங்க வேண்டிய நிலை இருந்ததைப் பதிவு செய்தது. டாக்டராகப் போகிறவர்களின் விடுதிக்குள்ளேயே ஒரு சேரி! 2008இல் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இறந்த செந்தில்குமார் நம்ம சேலம் மாவட்டத்துக்காரர். பன்றி வளர்க்கும் சமூகத்திலிருந்து இயற்பியல் ஆய்வு வரைக்கும் போனவர். அவருக்கு உதவித்தொகை நிறுத்தப்பட்டிருந்தது. அதே பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவுக்கும் 2015இல் உதவித்தொகை நின்றது. பிறகு விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். 2016 ஜனவரி 17 அன்று அவர் இறந்தார். 2017 மார்ச்சில் தில்லி ஜே.என்.யு. ஆய்வு மாணவர் முத்துக்கிருஷ்ணன், அவரும் சேலத்துக்காரர். 2019 மே மாதம் மும்பையில் பழங்குடி மருத்துவர் பாயல் தட்வி.

எந்தத் தற்கொலைக்கும் ஒரே ஒரு காரணம் கிடையாது. ஆனால் நிறுத்தப்பட்ட உதவித்தொகைக்கு ஒரு உத்தரவு இருக்கிறது. வெளியேற்றலுக்கு ஒரு கையெழுத்து இருக்கிறது. நம்ம பிள்ளைகளின் மனச்சோர்வுக்குப் பல நேரங்களில் கோப்பு எண் உண்டு. அந்தக் கோப்பைத் தொடாமல் "மூச்சை நல்லா இழுத்து விடு, பாசிட்டிவா யோசி" என்று சொல்வது வைத்தியம் ஆகுமா? தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022இல் 13,044 மாணவர் தற்கொலைகளைக் கணக்குக் காட்டுகிறது. அந்த அறிக்கையில் சாதிவாரிக் கணக்கு கிடையாது. எண்ணாததை எப்படிப் பேசுவார்கள்?

இதுவரை சொன்னது நிர்வாகத்துக்கு. இனி நமக்கு.

'நிறுவனப் படுகொலை' என்று நாம் சொல்கிறோம். அந்தச் சொல்லில் நியாயம் இருக்கிறது. குற்றவாளியைச் செத்தவனுக்குள் தேடாதே, வெளியே தேடு என்கிறது அது. ஆனால் அதே சுவரொட்டியை விடுதி வாசலில் நின்று படிக்கிற, மூன்று நாளாகத் தூங்காத ஒரு தம்பி என்ன நினைப்பான்? உயிரோடு இருந்தபோது ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை, செத்தபிறகு ஊரே பேசுகிறது என்று அவன் மனசில் பதிந்துவிடக் கூடாது. இறந்தவர்களுக்கு நீதி கேட்பதை நாம் விட முடியாது, விடவும் கூடாது. ஆனால் மரணத்தை ஒரு பேச்சாக, ஒரு போராட்ட வடிவமாக ஆக்கிவிடாமல் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும். இரங்கல் கூட்டத்துக்கு முந்நூறு பேர் வருகிறோம். அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு வரிசையில் ஒருத்தனோடு கூடப்போய் நிற்க ஒருத்தர் கிடைப்பதில்லை.

இன்னொன்று, "அழுவாத, நீ அம்பேத்கர் பிள்ளை" என்பது. தைரியம் சொல்வதாக நினைத்துச் சொல்கிறோம். கேட்கிறவனுக்கு அது இன்னொரு பாரம். 1917இல் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து பரோடாவில் வேலைக்குச் சேர்ந்த பாபாசாகேப்பை, தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்த கூட்டம் விரட்டியது. பதினெட்டு ஆண்டுகள் கழித்தும் அந்த நாளை நினைத்தால் கண்ணீர் வராமல் இருப்பதில்லை என்று அவரே எழுதி வைத்தார். அவர் அழுகையை மறைக்கவில்லை. நாம் ஏன் மறைக்கச் சொல்கிறோம்?

பிரான்ஸ் ஃபனான் ஒரு மனநல மருத்துவர் என்பதை அவரை மேற்கோள் காட்டுகிற நாமே மறந்துவிடுகிறோம். 1953இல் அல்ஜீரியாவில் பிளிடா மருத்துவமனையில் சேர்ந்தார். அடிமைப்பட்ட நாட்டில் மனசு மட்டும் எப்படிச் சுகமாக இருக்கும் என்று கேட்டு 1956இல் வேலையை உதறினார், விடுதலைப் போரில் சேர்ந்தார். இது நமக்குத் தெரிந்த ஃபனான். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் நோயாளிகளுக்கு வைத்தியமும் பார்த்தார். அவர்களுக்காக ஒரு காபிக் கடை, பந்து விளையாட ஒரு மைதானம், ஒரு பத்திரிகை என்று ஏற்பாடு செய்தார். விடுதலை வரட்டும், அப்புறம் குணப்படுத்தலாம் என்று நோயாளியைக் காக்க வைக்கவில்லை. காயத்துக்கும் மருந்து போட்டார், கத்தி யாருடையது என்றும் சொன்னார்.

மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். சாதி அதைக் கிளறிவிடுகிறது என்பதால் மாத்திரை வேண்டாம் என்று ஆகாது. காசநோய் வறுமையால் பரவுகிறது, அதற்காக மருந்து சாப்பிடாமலா இருக்கிறோம்? மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலச் சிகிச்சை உண்டு. 14416 என்ற அரசு உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், வழக்குப் போட்டுத் தண்டிக்கக் கூடாது, சிகிச்சை தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. போலீசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டாம். இதை நம்ம தெருவில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்னது. நல்லது. ஆனால் நாற்காலியைப் போட்டால் போதுமா? "எல்லாத்தையும் ஏன் சாதியாவே பாக்குற?" என்று கேட்கிற ஆலோசகர் அதில் உட்கார்ந்தால், போனவன் திரும்பப் போக மாட்டான். ஆகவே ஆலோசகருக்கும் எங்களுக்கும் தருகிற பயிற்சியில் சாதி முதல் பாடமாக வேண்டும். ஆலோசகர் அறைக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கும் தொடர்பு வேண்டும், மாணவர் சம்மதித்தால் மட்டும். பேசியது எதுவும் வார்டன் மேசைக்குப் போகக் கூடாது. உதவித்தொகை தாமதத்துக்காக ஒருத்தரையும் விடுதியை விட்டோ தேர்வறையை விட்டோ வெளியேற்றக் கூடாது. மாணவத் துணையைக் காட்டி ஆலோசகர் பணியிடத்தைக் காலியாக வைக்கக் கூடாது. ராத்திரி இரண்டு மணிக்கு வருகிற போனை எடுக்கிறவனுக்கும் மனசு உண்டு, அவனுக்கும் பேச ஒரு ஆள் வேண்டும்.

நிர்வாகம் இதையெல்லாம் தானாகத் தராது. கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதுவரைக்கும் நாம் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. வாசகர் வட்டம் நடத்துகிற தோழர்கள், விடுதிகளில் இருக்கிற தோழர்கள், பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள். மூன்று கேள்வி போதும்: சாப்பிட்டியா? தூங்கினியா? ஸ்காலர்ஷிப் வந்துச்சா? மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டு முடித்தபின் எழுந்து அவனோடு நடங்கள், ஆலோசகர் அறைக்கும் சரி, அலுவலக ஜன்னலுக்கும் சரி.