வாக்கு எண்ணிக்கை நற்சான்றிதழ் ஆகுமா?

2002 குஜராத் படுகொலைகள் பற்றிப் பேச்செடுத்தாலே சங் பரிவாரம் தேர்தல் கணக்கை நீட்டுகிறது. மக்கள் தங்களையே தேர்ந்தெடுத்தார்களாம். நீதி கேட்டவர்களைப் புறந்தள்ளினார்களாம். அகமதாபாத் வழக்கறிஞர் முகுல் சின்ஹா சட்டமன்றத் தேர்தலில் தோற்றதும் இக்கணக்கில் சேர்க்கப்படும்.

இயற்பியல் ஆய்வாளரான அவர், ஆய்வகத்தில் தொழிற்சங்கம் கட்டியதால் வேலை இழந்தவர். பிறகு சட்டம் பயின்றவர். நானாவதி ஆணையத்தின் முன் ஜன் சங்கர்ஷ் மன்ச் சார்பில் குறுக்கு விசாரணை செய்தார். காவல்துறை அதிகாரி ராகுல் சர்மா அளித்த குறுந்தகடுகளிலிருந்த செல்பேசி அழைப்புப் பதிவுகளை அலசி, அந்நாட்களில் யார் எங்கிருந்தார், யாருடன் பேசினார் என்று அவ்வமைப்பு கேள்வி எழுப்பியது. நியூ சோசலிஸ்ட் மூவ்மென்ட் சார்பில் தேர்தலில் நின்ற அவரால் வெல்ல முடியவில்லை.

நரோதா பாட்டியாவில் 97 பேர் கொல்லப்பட்டனர். நரோதா தொகுதியில் பாஜகவின் மாயா கோட்னானி 2002இலும் 2007இலும் வென்று அமைச்சருமானார். 2012இல் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு 28 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2018இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. அந்த விடுதலைகூடச் சாட்சியத்தை எடைபோட்டு வழங்கப்பட்டதே அன்றி, வாக்குகளை எண்ணி அல்ல. வாக்கே தீர்ப்பு என்றால் வழக்கே நடந்திராது.

தோல்விக்கான காரணத்தை வேட்பாளரிடம் மட்டும் தேடுவது வீண். 1980களிலும் 90களிலும் அகமதாபாத்தின் பஞ்சாலைகள் மூடப்பட்டன. தலித்துகளும் இஸ்லாமியரும் ஒரே ஆலை வாயிலில் கூடிய காலம் அத்துடன் முடிந்தது. குடியிருப்புகள் மதவாரியாகப் பிரிந்தன. அச்சத்தில் வீட்டை விற்கும் நிலையைத் தடுக்கவென்று வந்த 1991ஆம் ஆண்டின் பதற்றப் பகுதிகள் சட்டம், அப்பிரிவினைக்கே காவலாக மாறியது. கூலி வழக்குக்கு முகுல் சின்ஹாவை நம்பி வரும் தொழிலாளி, வாக்களிக்கச் செல்வது அப்படிப் பிரிந்துபோன தெருவிலிருந்துதான். தொழிலாளர் நீதிமன்றத்தில் பெறும் வெற்றி தானாகவே அந்தத் தெருவுக்குள் நுழைந்துவிடாது. நம் தொழிற்சங்கத் தோழர்களும் அறிந்த கசப்பு இது.

அதற்காக, அவர் நீதிமன்றத்தோடு நின்றிருக்கலாம் என்பது நடுத்தர வர்க்க அறிவுரை. 2014 மே 12 அன்று, மக்களவைத் தேர்தல் முடிவுகளுக்கு நான்கு நாட்கள் முன்பு, அவர் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் நானாவதி ஆணையம் இறுதி அறிக்கையை அரசிடம் அளித்தது. பாஜக அரசு அதை ஐந்தாண்டுகள் பூட்டி வைத்து, 2019 டிசம்பரில்தான் சட்டமன்றத்தில் வைத்தது. அதன் வரிக்கு வரி மறுப்புச் சொல்லக்கூடிய வழக்கறிஞருக்கு அந்த அவையில் ஒருநாளும் இடம் கிடைத்ததில்லை.